புத்து இல்லாத பாம்பு

எங்க ஊர் சங்கரன்கோவில்னா ஆடித்தபசு, அடுத்து புத்துமண். சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜாக்களை வச்சுத்தான் கோவில் கதையே. பாம்பு பயம் போகணும்னு வெள்ளித் தகட்டுல பாம்பு உருவம் வாங்கி உண்டியல்ல போடுற ஊர். அந்த ஊர்க்காரனுக்கு பெங்களூர்ல இருந்து அத்தை மகன் போன் பண்றாரு: "ஏல மாப்ள, என் பாம்புக்கு முட்டை அடைச்சிட்டுல."

கோழிக்கு முட்டை அடைக்கும்னு ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கேன். பாம்புக்குமா?!

அத்தான் வளர்க்கிறது பால் பைத்தான். ஆப்பிரிக்கப் பாம்பு, விஷம் கிடையாது. (நம்ம நாட்டுப் பாம்புக்கு ஆசைப்படாதீங்க மக்களே, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. இந்த மாதிரி வெளிநாட்டுப் பாம்புக்கும் இப்போ பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும்.) அஞ்சு முட்டை போட்டுட்டு நின்னுடுச்சாம். ரெண்டு நாளா வால் பக்கம் ரெண்டு புடைப்பு அப்படியே இருக்கு.

"வெளக்கெண்ணெய் தடவி அமுக்கி விடு"ன்னு அத்தை வைத்தியம். நல்லவேளை அத்தான் கேக்கலை. அமுக்கினா உள்ளே முட்டைக்குழாய் கிழிஞ்சு பாம்பே போயிடும். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, உடம்புல நீர் ஏத்தி, ஆக்சிடோசின் ஊசி போட்டாரு. ஆமைக்கு நல்லா கேக்குற ஊசி அது, பாம்புக்கு அவ்வளவா கேக்காது. கேக்கவும் இல்லை. அப்புறம் வெளியிலிருந்தே ஊசியைச் செருகி முட்டைக்குள்ள இருக்கறதை உறிஞ்சி எடுத்தாரு. சுருங்கின முட்டையில ஒண்ணு மறுநாள் வந்துச்சு. இன்னொண்ணுக்கு ஆபரேஷன். பாம்பு பிழைச்சுக்கிச்சு.

டாக்டர் அத்தான்கிட்ட கேட்ட முதல் கேள்விதான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது: "முட்டை வைக்க இடம் குடுத்தீங்களா?"

கண்ணாடிப் பெட்டி, கீழே நியூஸ்பேப்பர், மேலே லைட்டு. இதுல எங்கே வைக்கும்? தோதான இடம் இல்லேன்னா பாம்பு முட்டையை உள்ளேயே அடக்கிக்குமாம். கொழுப்பு, நீர் வத்தறது, ஊர்ந்து திரிய இடமில்லாம தசை தளர்றது, முட்டை கோணலா இருக்கறதுன்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா நம்மூர் புத்தை நினைச்சுப் பாருங்க. கரையான் கட்டினது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டும் ஈரப்பதமுமா இருக்கும். வாடகை இல்லாத பிரசவ அறை :-)

அத்தான் இனி ஜோடி சேர்க்கப் போறதில்லை. ஆனா ஆண் பாம்பு இல்லாமலும் கருவில்லாத முட்டை வர வாய்ப்பிருக்காம். அதனால மூடி போட்ட டப்பாவுல ஒரு ஓட்டை போட்டு, உள்ளே ஈரப்பாசி பரப்பி வச்சிருக்காரு. அத்தை அதைப் புத்துன்னுதான் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசாம இருந்தா சரி.