தாதரா, ஜுஹுவா

மும்பைக்கு நாடகம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு மராத்தி நாளிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. கைப்பேசியில் டிக்கெட் எடுக்கும் காலம் வந்த பிறகும் ‘மகாராஷ்டிரா டைம்ஸ்’, ‘லோக்சத்தா’ போன்ற நாளிதழ்களில் நாடக விளம்பரம் வருகிறது. கட்டம் கட்டமாக நாடகத்தின் பெயர், நடிகர்கள், அரங்கு, நேரம். சில கட்டங்களில் இது எத்தனையாவது காட்சி என்ற எண்ணும் இருக்கும். ஒரே நாடகம் சனிக்கிழமை தாணே கட்கரி ரங்காயதனில், ஞாயிறு காலை தாதர் சிவாஜி மந்திரில், அன்றைக்கே மாலை விலே பார்லேயில் தீனாநாத் மங்கேஷ்கர் அரங்கில் என்று ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் தங்கியிருக்கும் நாலைந்து நாளில் அது எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிறவர் சித்தப்பா. மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சயானில் குடியிருக்கிறார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் போனவர். கனவில் பேசுவதுகூட மராத்தியில்தான் என்று சித்தி சொல்வார். நானும் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பொருள்தான் அரைகுறையாகப் பிடிபடும். சித்தப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் விரல் வைப்பார். “இது குடும்பக் கதை. இது சிரிப்பு. இதுல பேய் வருது. உனக்கு எது வேணும் பாப்பா?”

“இங்க இருக்கறவங்க எதுக்குப் போவாங்க சித்தப்பா?”

“எல்லாத்துக்கும்தான் போவாங்க.”

இந்தப் பதில் எனக்கு வியப்பாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. வெளியூர்ப் பயணத்தில் எந்த நாடகம் பார்ப்பது என்று பேசும்போதெல்லாம் நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்: அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காக எதைப் போட்டுக்கொள்கிறார்கள்? சுற்றுலாப் பயணிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் நாடகங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. நரிமன் பாயிண்டில் தேசிய நிகழ்கலை மையம் இருக்கிறது. ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கிய ‘முகல்-ஏ-ஆஸம்’ 2016இல் அங்கேதான் மேடையேறியது. கதக் ஆடுகிறவர்கள் வரிசையாகச் சுழன்று வர, நடிப்பவர்களே மேடையில் நின்று பாட, கண் கொள்ளாது. ஆனால் அது விமானம் ஏறி மற்ற ஊர்களுக்கும் போகிற நாடகம். என்றைக்காவது நம் பக்கமும் வரலாம். தாதரில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிற அந்தக் கூட்டம் எங்கேயும் வராது. அதற்கு நாம்தான் போக வேண்டும்.

சிவாஜி மந்திர் பிளாசா சினிமாவுக்கு எதிரே இருக்கிறது. வெளியே தாதரின் நெரிசல், மாடியில் அரங்கு. முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி. மூன்றாவது மணி அடித்ததும் பேச்சு அப்படியே நின்றுபோகும். இடைவேளையில் படாட்டா வடைக்கும் தேநீருக்கும் எல்லாரும் ஓடுவார்கள். வடையைக் கையில் வைத்துக்கொண்டே முதல் பாதியை விவாதிப்பார்கள்: அந்த மருமகள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, இந்த நடிகருக்குப் போன நாடகத்தில் குரல் இன்னும் நன்றாக இருந்தது. நடிகர்களைச் சொந்தக்காரர்கள் போலப் பெயர் சொல்லிப் பேசுவார்கள். பிரசாந்த் தாம்லே என்ற நடிகர் பன்னிரண்டாயிரம் காட்சிகளைக் கடந்தவர். நாற்பது ஆண்டு காலம் ஒரு மனிதர் மேடையில் நின்று சம்பாதித்து வாழ முடிகிறதென்றால், அதற்கு ஒரு ஊரே டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும்.

‘வஸ்த்ரஹரண்’ நாடகத்தையும் சிவாஜி மந்திரில்தான் பார்த்தேன். கங்காராம் கவாணகர் எழுதியது, 1980இல் தொடங்கியது, ஐயாயிரம் காட்சிகளுக்கு மேல் நடந்தது. அதில் நடித்த மச்சீந்திர காம்ப்ளி உயிரோடு இருந்த காலத்தில் நான் பார்த்தேன். 2007இல் அவர் காலமானார். மொழி மராத்திகூட இல்லை, கொங்கண் கரையின் மால்வணி. அதை மேடைக்கு ஏற்ற பேச்சாக யாரும் நினைக்காத நாளில் காம்ப்ளி அதை மும்பைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கிராமத்து ஆட்கள் சேர்ந்து பாரதத்திலிருந்து துகிலுரிதலை நாடகமாகப் போடப் படும் பாடுதான் கதை. வேஷம் கட்டத் தெரியாது, வசனம் நிற்காது, திரௌபதியாக வருகிறவர் ஆண்.

சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் அவர் சிரித்து முடிக்க வேண்டும், அப்புறம் என் காதில் சொல்ல வேண்டும், அதற்குள் அரங்கு அடுத்த சிரிப்புக்குப் போயிருக்கும். கொஞ்ச நேரத்தில், “நீங்க பாருங்க சித்தப்பா, எனக்குப் புரியுது” என்று சொல்லிவிட்டேன். உண்மையாகவே புரிந்தது. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதல் கூத்து நடக்கும் இரவு, ஊரில் யாரும் தூங்க மாட்டார்கள். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் புடவையில் கை வைப்பார். சில இரவுகளில் அவருக்கு ஆவேசம் வந்து நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். முன்வரிசையில் பெண்கள் கற்பூரம் ஏற்றுவார்கள். என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். அந்த இரவு எவ்வளவு கனமானது என்று தெரிந்தவர்களுக்கு, அதைப் போட முயன்று தடுமாறுகிற அந்தக் கொங்கணிகளின் தவிப்பும் தெரியும். சிரிப்பு அங்கிருந்துதான் வந்தது. சுற்றியிருந்தவர்கள் மால்வணியில் சிரித்தார்கள், நான் செய்யாற்றுக் கூத்தில் சிரித்தேன்.

மொழி தெரியாத நாடகத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். தெரிந்த கதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். உடம்பும் குரலும் மீதியைச் சொல்லிவிடும்.

மகாராஷ்டிரத்து மேடைக்கும் நமக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய அரசர் சாகஜி தெலுங்கிலும் மராத்தியிலும் தமிழிலும் நாடகங்கள் எழுதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில், வடக்கேயிருந்து வந்த மராத்திக் குழுவின் நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தஞ்சைக் கோவிந்தசாமி ராவ் மனமோகன நாடகக் கம்பெனியைத் தொடங்கினார் என்பார்கள். தமிழில் தொழில்முறை நாடகக் குழுக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பம்பாயின் கிராண்ட் ரோடு பக்கத்தில் 1853இல் பார்சிகள் நாடகம் போடத் தொடங்கினார்கள். அவர்கள் குழுக்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன வர்ணப் படுதாக்களும் தந்திரக் காட்சிகளும் நம் பாய்ஸ் கம்பெனி வரைக்கும் வந்து சேர்ந்தன. என் தாத்தா காட்டுப் படுதா, தர்பார் படுதா, தெருப் படுதா என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார். அவர் சிறுவனாக வந்தவாசிக் கொட்டகையில் வாய் பிளந்து பார்த்த அரண்மனையின் தூண்கள் முதலில் எந்த ஊரில் வரையப்பட்டவை என்று அவருக்குத் தெரியாது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

தமிழ் நாடகமும் மும்பைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சண்முகானந்தா அரங்கு 1963இல் கட்டப்பட்டது. “மெட்ராஸ்லேர்ந்து நாடகம் வந்தா மாட்டுங்கா பூரா அங்கதான் இருக்கும்” என்பார் சித்தப்பா. 1990இல் தீப்பிடித்துப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

தாதரில் நான் வேலையில்லாமல் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு: சபில்தாஸ் பள்ளிக்கூடம். எழுபதுகளின் நடுவிலிருந்து அதன் கூடத்தில் ‘ஆவிஷ்கார்’ குழு நாடகம் போட்டது. அரவிந்த் தேஷ்பாண்டே, சுலபா தேஷ்பாண்டே இருவரும் நடத்திய குழு. பகலில் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் மாலையில் புதிய நாடகங்கள். விஜய் டெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ 1967இல் மேடையேறியபோது பேணாரே டீச்சராக நடித்தவர் சுலபா. அவிழ்த்துவிட்ட வேட்டை நாய்களைப் போல நாலு பக்கமும் ஆண்கள் சூழ்ந்து நிற்க, நடுவில் தனித்து நிற்கிற அந்தப் பெண்ணை நான் புத்தகத்தில்தான் சந்தித்தேன். 1972இல் டெண்டுல்கரின் ‘சகாராம் பைண்டர்’ வந்தபோது தணிக்கைக் குழு வெட்டச் சொன்னது. இயக்குநர் கமலாகர் சாரங் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடி மீட்டார். நிலு பூலேயும் லாலன் சாரங்கும் அதில் நின்றதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். சினிமாவானால் பிறகு தேடிப் பிடித்துவிடலாம். நாடகத்தில் நடிகர் போனால் அந்த மாலையும் போயிற்று.

‘தும்ஹாரி அம்ரிதா’ அப்படிப் போனது. ஷபானா ஆஸ்மியும் ஃபரூக் ஷேக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை வாசிப்பார்கள், அவ்வளவுதான் நாடகம். 1992இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார்கள். 2013 டிசம்பரில் ஆக்ராவில், தாஜ்மகால் பின்னணியில் கடைசிக் காட்சி. அதே மாதம் ஃபரூக் ஷேக் காலமானார். நான் மும்பையில் இருந்த நாள்களில் அதற்குக் காட்சி அமையவே இல்லை. அதனால்தான் விளம்பரக் கட்டங்களில் வயதான நடிகர் ஒருவர் பெயர் இருந்தால் மற்றவற்றைத் தள்ளிவிட்டு அங்கே போகிறேன். புதிய நாடகம் அடுத்த ஆண்டும் புதிதாகத்தான் இருக்கும்.

‘தும்ஹாரி அம்ரிதா’ முதலில் அரங்கேறியது ஜுஹுவின் பிருத்வி தியேட்டரில். பிருத்விராஜ் கபூர் 1944இல் தொடங்கிய நாடகக் குழுவுக்கு அந்தப் பெயர். சொந்த அரங்கில்லாமல் ஊர் ஊராகச் சுற்றிய குழு. நாடகம் முடிந்ததும் அவரே வாசலில் நின்று துணியை விரித்து, துயர் நிவாரணத்துக்கு நிதி கேட்பாராம். 1978 நவம்பரில் மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபரும் அவர் நினைவாக இந்தச் சின்ன அரங்கைத் திறந்தார்கள். ஏறக்குறைய இருநூறு இருக்கை. மேடைக்கு மூன்று பக்கமும் பார்வையாளர்கள், திரை கிடையாது. நடிகரின் கழுத்து நரம்பு புடைப்பது கடைசி வரிசைக்கும் தெரியும். இருக்கைக்கு எண் இல்லாததால் முன்னாலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். கதவை மூடிவிட்டால் யாராக இருந்தாலும் வெளியேதான். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். நடிப்பவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. வரிசையில் நிற்கிறவர்கள் கையில் சுலைமானித் தேநீர் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் நேற்று ஒரு தொலைக்காட்சித் தொடரில் அப்பாவாக வந்த நடிகராக இருப்பார்.

அங்கே ‘இஸ்மத் ஆபா கே நாம்’ பார்த்தேன். இஸ்மத் சுக்தாயின் மூன்று கதைகள், ஆளுக்கு ஒன்றாக ஹீபா ஷா, ரத்னா பாடக் ஷா, நஸீருத்தீன் ஷா சொல்கிறார்கள். எழுதியபடியே, ஒரு சொல் மாறாமல், ஆனால் ஒவ்வொரு பாத்திரமாக மாறி மாறி. உருது எனக்குச் சினிமாப் பாட்டு அளவுக்குத்தான். ரத்னா கழுத்தைச் சற்றே சாய்த்தால் மணப்பெண், நிமிர்ந்தால் மாமியார். நம் ஊரில் கதை சொல்லும் ஆச்சிகளைத் தெரிந்தவர்களுக்கு அதில் அந்நியமாக ஒன்றுமே இருக்காது. மேடையில் பொருள் என்று பார்த்தால் சொற்பம். வெளியே வந்தபோது ஒரு ஹவேலி முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த களைப்பு எனக்கு.

ஆக, ஒவ்வொரு பயணத்திலும் தாதரா, ஜுஹுவா என்ற இழுபறி. ஒன்றில் பெருங்கூட்டத்தின் சிரிப்பு, இன்னொன்றில் நடிகரின் மூச்சு. இரண்டுக்கும் நடுவில் மேற்கு ரயில் பாதை. நல்ல வேளையாக, பிருத்வியில் இரவுக் காட்சி உண்டு. அது முடிந்து பெண்கள் தனியாக ரயிலேறி வீடு திரும்புகிற ஊர் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஊரை நான் வாழ்த்துவேன்.

வருகிற நவம்பரில் பிருத்வி திருவிழாச் சமயத்தில் போவதாக இருக்கிறேன். நேற்று சித்தப்பாவிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தாதர், இரவில் ஜுஹு, இரண்டும் ஒரே நாளில் முடியுமா என்று கேட்டேன். ரயில்வேக்காரர் யோசிக்கவே இல்லை.

“தாதர்ல ஏழு, ஏழரைக்கு விட்டுடுவான். ஃபாஸ்ட்டுல ஏறிடாத, பார்லேல நிக்காது. ஸ்லோ வண்டி புடிச்சிப் பார்லேல எறங்கி ஆட்டோ எடு. வரிசைல நிக்க நேரம் இருக்கும். ஆனா அன்னைக்கு மெகா பிளாக் எந்த லைன்லன்னு பேப்பர்ல பாத்துக்கணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நாலு மணி ஆட்டத்துக்கு எனக்கும் சித்திக்கும் சேத்தே டிக்கெட் எடு பாப்பா. சிரிப்பு நாடகமாப் பாத்து எடு.”