குறி சொல்லும் சாலை

தென்காசியில் வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை, நேயர்களே! மேற்கே திரும்பினால் மலை. கிழக்கே திரும்பினால் காசி விசுவநாதர் கோயில் கோபுரம். மலையைப் பார்த்துப் போனால் குற்றாலம்; கோபுரத்தைப் பார்த்துத் திரும்பினால் தென்காசி. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் அது. கோபுரம் வெகு காலம் சிதைந்து கிடந்து, 1990-இல்தான் ஒன்பது நிலைகளோடு மறுபடி தலை நிமிர்ந்தது. நல்ல வேளையாக மலைக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. ஆகையால் இடையில் யாரும் வழி தவறியிருக்க மாட்டார்கள்.

இயற்கையும் பாண்டியனும் சேர்ந்து இவ்வளவு பெரிய கைகாட்டிகளை நட்டு வைத்திருக்கும் ஊரில், சைக்கிளில் போகிறவர் நாற்சந்திக்கு வந்ததும் திகைத்து நின்று விடுகிறார். எங்கே போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பக்கமாக, யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் போவது என்பதுதான் தெரியவில்லை.

சந்தேகமாக இருந்தால் வாருங்கள், ஒரு சைக்கிளில் ஏறிக்கொண்டு குற்றாலம் வரை போய் வருவோம். அதிக தூரமில்லை. ஐந்தாறு கிலோமீட்டர்தான். சாரல் காலமாகப் பார்த்துப் போவோம். ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி வரும். அந்தக் காற்றை எதிர்த்து மிதிப்பது ஒரு தனி அனுபவம். மிதிக்கிற மிதிக்குச் சைக்கிள் பாதிதான் நகரும். மீதிப் பாதியைக் காற்று கணக்கில் பிடித்துக்கொள்ளும்! முகத்தில் பொடிப் பொடியாகத் தூறல் விழும். குடை பிடிக்கவும் தோன்றாது, நனைந்தோம் என்று சொல்லவும் முடியாது. இந்தச் சுகத்துக்காகத்தானே ஜனங்கள் ரயிலிலும் காரிலும் வந்து குவிகிறார்கள்?

குவிகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதுதான் விஷயம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. திருநெல்வேலியிலிருந்து வரும் சாலையும் இங்கேதான் வந்து சேருகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகரான பிறகு, ஆபீஸ்களும் வந்தன. ஆபீஸ்களுக்கு வருகிறவர்களின் வண்டிகளும் வந்தன. கேரளத்துக்குப் போகும் லாரிகள் வேறு. இவற்றோடு சீசன் வண்டிகளும் சேர்ந்துகொண்டால் சந்தியில் நிற்கிற சைக்கிளின் கதி என்ன?

சந்தியை நெருங்குகிறோம். தரையைப் பாருங்கள். வெள்ளைச் சாயத்தில் அம்புக்குறிகள். இடது ஓரத்தில் ஓர் அம்பு இடது பக்கம் வளைந்திருக்கிறது. நடுவில் ஓர் அம்பு நேராகப் போகிறது. வலது பக்கம் இன்னொன்று வலப்புறம் திரும்புகிறது. மோட்டார் ஓட்டுகிறவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. தமக்கு வேண்டிய அம்பின் மேல் வண்டியை நிறுத்திக்கொள்வார்.

நமக்கு? மெதுவாகப் போகிற வண்டி இடது ஓரமாகப் போக வேண்டும் என்று பால பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பி ஓரத்திலேயே போகிறோம். ஓரத்து அம்போ, ‘இடது பக்கம் திரும்பு!’ என்கிறது. நாம் போக வேண்டியது நேராக! ஓரத்தை விடக் கூடாது என்பது ஓர் உத்தரவு. ஓரத்தில் நின்றால் திரும்பித்தான் ஆக வேண்டும் என்பது இன்னோர் உத்தரவு. இரண்டுக்கும் நடுவில் பெடலில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறோம். பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடிக்கிறது.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சந்தியில் சைக்கிளுக்கு உள்ள பெரிய அபாயங்களில் ஒன்று இந்த இடத்தில் இருக்கிறது. இடது பக்கம் திரும்பப் போகிற பஸ்ஸுக்கோ லாரிக்கோ இடது ஓரத்தில், அதை ஒட்டினாற்போல் ஒரு சைக்கிள் நிற்கிறது. டிரைவர் உயரத்தில் இருக்கிறார். கண்ணாடியில் அந்த மூலை அவருக்குத் தெரிவதே இல்லை. பச்சை விளக்கு எரிந்ததும் அவர் திரும்புகிறார். சைக்கிள்காரர் நேராகப் போகிறார். திரும்புகிற பெரிய வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக ஒதுங்கி வரும். சைக்கிள் நிற்பது அந்த உள்பக்கத்தில்தான்! 2021, 2022 ஆகிய வருஷங்களில் நம் தேசத்துச் சாலைகளில் வருஷத்துக்கு 4,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பெரிய வண்டிக்கு இடப்பக்கம் போய் நிற்காதீர்கள். அதற்குப் பின்னாலேயே நில்லுங்கள். இரண்டு நிமிஷம் தாமதமானாலும் குற்றாலத்து அருவி ஓடிப் போய்விடாது.

சந்தியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பார்த்தேன். புதுச் சைக்கிள், முன்னால் கூடை, கூடையில் புத்தகப் பை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

“ஏன் தாயி, ஏறியே போகலாமே?” என்றேன்.

“எனக்கு வலது பக்கம் திரும்பணும், தாத்தா. நடுவுல போனா அடிக்க வாராங்க. ஓரமாப் போனா திரும்ப விடமாட்டேங்காங்க. அதான் இறங்கிட்டேன்.”

‘தாத்தா’ என்றது சற்று உறுத்தியது. இருந்தாலும் விடாமல், “தரையில் போட்டிருக்கிற கோட்டுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று தெரியுமா?” என்று கேட்டேன்.

“எங்க அண்ணன் பைக் லைசென்ஸுக்குப் படிச்சான். அவனைத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, ஜாக்கிரதையாக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே அவள் கடந்து போனாள்.

பாருங்கள், எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! சாலைக் குறிகளையெல்லாம் படமாகப் போட்டு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். லைசென்ஸ் வேண்டும் என்கிறவரை உட்கார வைத்து, ‘இது என்ன குறி? அது என்ன குறி?’ என்று கேட்கிறார்கள். சைக்கிள் மோட்டார் வண்டி அல்ல. ஆகையால் அதற்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லை என்றால் பரீட்சையும் இல்லை. பதினோராம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு வருஷா வருஷம் விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. அருமையான காரியம். எத்தனையோ கிராமத்துப் பெண்கள் படிப்பை நடுவில் விடாமல் இருப்பதற்கு அந்த இரண்டு சக்கரங்கள் துணை செய்கின்றன. ஆனால் சாவியைக் கையில் கொடுக்கிற அன்றைக்கு, ஒரு மணி நேரமாவது சந்திக்கு அழைத்துப் போய், ‘இந்தக் கோட்டில் நில், இந்த அம்பில் போ’ என்று காட்டிக் கொடுத்தால் என்ன? சாலையை எழுதியவர்கள் ஒரு பாஷையில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளாதவர்களிலேயே மிகவும் சிறியவர்களைத்தான் அதன் நடுவில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நெதர்லாந்து தேசத்தில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சாலைப் பரீட்சை வைக்கிறார்கள். எழுத்துப் பரீட்சையோடு விடுவதில்லை. நிஜமான தெருவில் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். வழியில் பெரியவர்கள் நின்று கவனித்து மதிப்பெண் போடுகிறார்கள். நம்முடைய பிள்ளைகளும் அப்படி ஓட்டிக் காட்ட மாட்டார்களா, என்ன?

மேலே போவோம். வழியில் மேலகரம் வருகிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். கையைப் பார்த்துக் குறி சொல்லும் குறத்தியை நாடெல்லாம் அறியச் செய்தவர் அவர். இன்றைக்குச் சாலைதான் குறி சொல்கிறது. அர்த்தம் சொல்லத்தான் குறத்தி இல்லை! அந்த வேலையை நாமே கொஞ்சம் செய்து பார்க்கலாம்.

கம்பத்தில் இருக்கும் பலகையின் உருவத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். வட்டமாக இருந்தால் உத்தரவு. முக்கோணமாக இருந்தால் எச்சரிக்கை. நீண்ட சதுரமாக இருந்தால் தகவல். இந்தக் கணக்குக்குள் அடங்காமல் தனி உருவத்தோடு நிற்பவர்கள் இரண்டு பேர்: எட்டு மூலையோடு சிவப்பாக இருப்பது ‘நில்’, தலைகீழ் முக்கோணம் ‘மற்றவர்க்கு வழி விடு’. சைக்கிள் படத்தில்தான் ஜனங்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். சைக்கிள் படத்தைப் பார்த்தவுடன் ‘நமக்குத்தான் வழி!’ என்று சந்தோஷமாக நுழைந்துவிடுகிறார்கள். படத்தைச் சுற்றியிருக்கிற நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் இருந்தால், ‘உள்ளே வராதே’ என்று அர்த்தம். நீல வட்டத்துக்குள் இருந்தால், ‘இது சைக்கிளுக்கென்றே உள்ள பாதை, இதிலேயே போ’ என்று அர்த்தம். முக்கோணத்துக்குள் இருந்தால் அது நமக்குச் சொன்னதே அல்ல. ‘சைக்கிள் குறுக்கே வரும், ஜாக்கிரதை’ என்று மோட்டார்காரருக்குச் சொன்னது. ஒரே படம், மூன்று செய்தி!

தரைக் கோடுகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். சாலைக்குக் குறுக்கே பட்டையாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தால், அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். அதைத் தாண்டி, நடப்பவர்களின் வரிக்குதிரைக் கோட்டின் மேல் சக்கரத்தை வைத்துக்கொண்டு நிற்பது நம் ஊரில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது; கோட்டின் மேல் குற்றமில்லை. சந்தியின் நடுவே மஞ்சள் நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருந்தால், அந்தப் பக்கம் போய்ச் சேர இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். நடுக்கோடு விட்டு விட்டு இருந்தால், எதிரே பார்த்துக்கொண்டு தாண்டலாம். தொடர்ச்சியாக இருந்தால் தாண்டக் கூடாது.

வலது பக்கம் திரும்புவதற்கு அந்தப் பெண் கண்டுபிடித்த உபாயம் இருக்கிறதே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டென்மார்க்கில் சைக்கிள்காரர்களுக்கு ஏறக்குறைய அதையேதான் சட்டமாக்கியிருக்கிறார்கள். அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். ஆகையால் நமக்கு வலப்புறம் எப்படியோ, அவர்களுக்கு இடப்புறம் அப்படி. குறுக்கே வெட்டித் திரும்பக் கூடாது. முதலில் ஓரமாகவே நேரே போய் எதிர் மூலையைச் சேர வேண்டும். அங்கே நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, வழி கிடைத்ததும் மறுபடி நேரே போக வேண்டும். ஒரு திருப்பத்துக்கு இரண்டு நேர்ப் போக்குகள்! தென்காசிச் சந்தியிலும் இதைத் தாராளமாகச் செய்யலாம். யாருடைய அநுமதியும் வேண்டாம்.

இனிச் சாரலைப் பற்றி ஒரு வார்த்தை. குற்றாலத்தின் பெருமையே சாரல்தான். ஆனால் கோடுகளுக்கு அது சத்துரு. ராத்திரியில் கோடுகள் பளிச்சென்று தெரிவதற்காகச் சாயத்தின் மேல் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். வண்டி விளக்கின் வெளிச்சத்தை அந்த மணிகள் திருப்பி அனுப்பும். மழைத் தண்ணீர் படலமாக மேலே நின்றுவிட்டால், மணிகள் வேலை செய்யாது. வெளிச்சம் வேறு எங்கேயோ சிதறிப் போகும். ஆக, கூட்டம் மிக அதிகமாக இருக்கும் சாரல் மாதங்களில், அந்தி நேரத்தில், கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன! போதாக்குறைக்கு, நனைந்த சாயம் வழுக்கும். மோட்டாருக்கு நாலு சக்கரம், சமாளித்துக்கொள்ளும். நாம் அம்புக்குறியின் மேல் போய்க்கொண்டே ஹாண்டிலைத் திருப்பினால், அம்பு காட்டிய திசையிலேயே விழுந்து கிடப்போம். சாயத்தின் மேல் நேராகப் போங்கள். அதைத் தாண்டிய பிறகு திருப்புங்கள்.

குற்றாலத்துக்குள் வந்துவிட்டோம். இங்கே பலகைகளின் குழப்பம் வேறு ரகம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று எத்தனையோ பெயர்கள். பழைய குற்றாலம் என்றால் ஊரின் பழைய பகுதி என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துத் தெருதானே என்று சைக்கிளை மிதிக்கிறவர்கள் உண்டு. அது சில மைல்களுக்கு அப்பால் இருக்கும் தனி அருவி. பலகையில் மேல் நோக்கி அம்பு போட்டிருந்தால், ‘நேரே போ’ என்று அர்த்தம். மலை மேல் ஏறச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மலையடிவாரத்தில் நின்றுகொண்டு பார்க்கும்போது அப்படித் தோன்றுவது இயற்கைதான்!

அருவிக்கரையில் வைத்திருக்கும் எச்சரிக்கைகளை மட்டும் இப்படி வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் உயிர் போயிற்று. ‘குளிக்கத் தடை’ என்றால் தடைதான்.

குளித்தாகிவிட்டதா? மங்குஸ்தான் பழம் கிடைத்தால் ஒரு டஜன் வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். மிதிக்காமலே சைக்கிள் பறக்கும். அதனால்தான் கிளம்புவதற்கு முன்பே சொல்லி வைக்கிறேன். ரிம் நனைந்திருக்கும்போது பிரேக் கட்டை உடனே பிடிக்காது. பத்தடி தூரம் போய் இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மேலகரம் தாண்டியதிலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கோபுரம் கண்ணில் படும். சந்தியில் முன்னால் ஏதாவது ஒரு பஸ் நின்றுகொண்டிருக்கும். அதன் இடப்பக்கம் கொஞ்சம் இடம் காலியாகவும் இருக்கும். அங்கே போகாதீர்கள்.