தோன்றா எழுவாய்

எம் இல்லத்து மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்தகடுகளை அமைத்துள்ளோம். செலவை ஏற்றவன் வளைகுடாவில் பணிபுரியும் எம் மூத்த மகன். அன்றாடம் எத்தனை யூனிட் விளைந்தது என்பதை அங்கிருந்தே தன் கைபேசியில் பார்த்துக்கொள்வான். ஊரைப் பார்ப்பது போல அவனுக்கு அது!

ஒருநாள், "வாப்பா, நான்கு நாளாக ஒன்றுமே காட்டவில்லையே" என்று கவலையுடன் அழைத்தான். தகடுகள் பழுதாயின என்றே முடிவு கட்டிய நாம், அமைத்துத் தந்த இளைஞரைக் கடிந்துகொண்டோம். ஏமாற்றிவிட்டீர் என்றுகூடச் சொல்லிவிட்டோம். அவரோ அமைதியாக, "ஹஜ்ரத், இன்வெர்ட்டரின் முகப்பைப் பாருங்கள்" என்றார். பார்த்தோம், அன்றைய விளைவு 11 யூனிட்! அரபியில் 'ளமீர் முஸ்ததிர்' என்றும், தமிழில் தோன்றா எழுவாய் என்றும் ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொடுத்த நமக்கு, காணப்படாததும் தொழில் செய்யும் என்பது அன்று நினைவில் எழவில்லை.

இன்வெர்ட்டரில் செருகிய சிறு வைஃபை கருவிதான் கணக்கை அனுப்புவது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே இணையும். நான்கு நாட்களுக்கு முன் இளையவன் புதிய ரவுட்டரை மாட்டியிருந்தான். கருவியோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. இளைஞர் சொன்னபடி 2.4 அலைக்குத் தனிப்பெயர் இட்டு, புதிய கடவுச்சொல்லைப் பதித்தோம். விளக்கு நிலைத்து எரிந்தது. இரவில் தொடர்பு அறுந்தால் அஞ்ச வேண்டாம் என்றும் அவர் சொன்னார். வெயில் அடங்கினால் பல இன்வெர்ட்டர்கள் உறங்கிவிடுமாம், கருவியும் உடன் உறங்குமாம்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மகன் அழைத்துவிட்டான்.

"இன்று ஊரில் நல்ல வெயில் போலும், வாப்பா!"