தோள்பையில் ஒரு தீட்டுக்கல்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் தோள்பையைத் திறந்து பாருங்கள். மாற்றுத்துணி, போர்வை, டார்ச் லைட், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, வலித் தைலம் எல்லாம் இருக்கும். ஒன்றிரண்டு பேரிடம் மடக்குக் கத்தியும் இருக்கும். ஆனால், அந்தக் கத்தி மழுங்கினால் தீட்டுவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிற ஒரு குழுவோடு பதினோரு வருடங்களாக நானும் நடக்கிறேன். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பல நாள் நடை. ராத்திரி தங்குவது தோப்பிலோ, பள்ளிக்கூட வராந்தாவிலோ, சாலையோரப் பந்தலிலோதான். அந்த நாள்களில் மடக்குக் கத்திக்கு ஓய்வே இருக்காது. தார்ப்பாய் கட்டக் கயிறு அறுக்க வேண்டும். பிளாஸ்திரியை அளவாக வெட்ட வேண்டும். காலில் சுற்றத் துணி கிழிக்க வேண்டும். நடுவில் கொய்யா, வெள்ளரிக்காய், எலுமிச்சம்பழம். மூன்றாம் நாளே கத்தி மொண்ணையாகிவிடும். நைலான் கயிறும் அட்டைப்பெட்டியும் கூரைச் சாப்பிடுகிற வேகத்தில் காய்கறி சாப்பிடுவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் நத்தம் தாண்டி ஒரு மாந்தோப்பில் தங்கினோம். எங்கள் குழுவிலேயே மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் மாமாதான். பேரனுக்காக நேர்ந்துகொண்டு அந்த வருடம் காவடி எடுப்பதாக இருந்தார். தார்ப்பாய்க் கயிற்றை அவர் அறுக்க, கத்தி இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். சட்டென்று கயிறு அறுந்து, அழுத்திய வேகத்தில் கத்தி இடது கைக் கட்டை விரலடியில் பாய்ந்துவிட்டது. ஏழு தையல். மருத்துவர் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட, சாமான் வேனிலேயே ஊருக்குத் திரும்பினார். இருபது வருடத்துக்கு மேல் விடாமல் நடந்தவர், வேன் கிளம்பும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கூரான கத்திதான் ஆபத்து என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறோம். உண்மையில் கூரான கத்தி நாம் சொன்ன இடத்தில் இறங்கும். மெதுவாக இழுத்தாலே போதும். மழுங்கிய கத்திக்குக் கையின் முழு பலமும் வேண்டும். அந்த பலம் வழுக்கும்போது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யாத்திரை முடிந்ததும் குழுவில் பேசி, இனி முதலுதவிப் பையில் ஒரு தீட்டும் கருவியும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பை என் பொறுப்பு. ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுப்பதும் என் தலையில் வந்தது.

என்னிடம் இருந்தது அப்பாவின் கத்தி. அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பதற்காகவே சட்டைப்பையில் வைத்திருந்த மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி. துருப்பிடிக்கிற பழைய கார்பன் எஃகு. அவர் காலமான பிறகு என் தம்பி ஆசையாக அதை ஒரு பட்டறையில் கொடுத்து மின்சாரச் சாணையில் பிடித்து வாங்கி வந்தான். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால், மடக்கினால் பிடியின் பள்ளத்தை நிறைத்துக்கொண்டு உட்காரும் கத்தி, இப்போது ஒல்லியாக உள்ளே போய்ப் படுத்தது. வாய் ஓரத்தில் ஒரு நீல நிறம் வேறு.

அதை எடுத்துக்கொண்டு திருப்பாச்சேத்திக்குப் போனேன். மதுரைக்கும் மானாமதுரைக்கும் நடுவில், அரிவாளுக்குப் பெயர்போன ஊர். உலைக்களத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

``இதை மெஷின்ல யாரு தாயி கொடுத்தது?''

``தம்பி ஐயா. நல்லா இருக்கட்டும்னுதான் கொடுத்தான்.''

``சூட்டுல நீலம் பாஞ்சிருச்சு. அந்த இடத்துல பதம் போச்சு. அதைக் கரைச்சு எடுத்தாத்தான் உள்ள இருக்கிற நல்ல எஃகு வரும். சாணை பிடிக்கிறது வேற, தீட்டுறது வேற தாயி. வருசத்துக்கு ஒருக்கா சாணை, தினத்துக்குத் தீட்டு. வழியில போறவளுக்கு எதுக்குச் சாணை?''

நான் தேடிப் போன பதில் அந்த இரண்டு சொல்லில் இருந்தது. எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடானால் நீலம் பாயும். அதோடு அந்த இடம் இளகிவிடும், கூர் நிற்காது. சாணைச் சக்கரத்தைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பக்குவமாகப் பிடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாய் உடைந்த அரிவாளுக்கு அதுதான் மருந்து. ஆனால், வெளியில் போன இடத்தில் நமக்கு வேண்டியது புதிதாக வாய் எடுப்பது அல்ல. வீட்டிலிருந்து கொண்டுபோன கூரை, திரும்பி வரும்வரை காப்பாற்றினால் போதும். ஒவ்வொரு தேய்ப்பிலும் எஃகு கொஞ்சம் போகத்தான் செய்யும். போனது திரும்ப வராது. ஆகவே, குறைவாகத் தின்னும் கருவி எது என்பதுதான் கேள்வி.

பெரியவர் நீலம் பாய்ந்த ஓரத்தைக் கல்லிலேயே பொறுமையாகக் கரைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மருந்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கத்தியை வைத்து, கூர்சீவிய பென்சிலால் சுற்றிக் கோடு வரைந்தேன். தேதியும் போட்டேன். பிறகுதான் கருவி வாங்கக் கிளம்பினேன்.

மதுரையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் முதலில் காட்டியது, உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் கருவி. `வி' வடிவப் பிளவில் கத்தியை வைத்து நாலு இழுப்பு இழுத்தால் தீட்டிவிடும். ``இருநூறு ரூபாதான்க்கா, குழந்தைகூடத் தீட்டலாம்'' என்றார் கடைக்காரத் தம்பி. உண்மைதான். அவசரத்துக்கு உதவும், கோணம் பார்க்கத் தெரிய வேண்டாம். ஆனால், அந்தப் பிளவுக்குள் இருக்கும் இரண்டு டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் எஃகைத் தேய்ப்பதில்லை, சுரண்டுகின்றன. இழுத்து முடித்ததும் கீழே வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், சுருள் சுருளாக எஃகு கிடக்கும். விலை குறைந்த, தேய்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிற கத்திக்குச் சரி. அப்பாவின் கத்திக்கு ஆகாது.

அடுத்தது கல். தச்சர்கள் வைத்திருக்கும் எண்ணெய்க்கல்லை நம்மில் பலர் பார்த்திருப்போம். கார்போரண்டம் என்கிற சிலிக்கான் கார்பைடில் செய்ததுதான் அதிகம். சென்னையில் 1954-லேயே இதற்கென்று தொழிற்சாலை நிறுவனம் வந்துவிட்டது. நிதானமாகத் தேய்க்கத் தெரிந்தால் கல்லைப்போல் கூர் தரும் பொருள் குறைவு. ஆனால், கனம். தவறி விழுந்தால் இரண்டாக உடையும். எண்ணெயோ தண்ணீரோ வேண்டும். எண்ணெய் குடித்த கல்லைப் பஞ்சும் துணியும் இருக்கிற முதலுதவிப் பையில் வைக்க முடியாது. கல், வீட்டுச் சமையலறைக்கு.

மூன்றாவது, பீங்கான் குச்சி. பேனா நீளம். இது அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கமும் நீலமும் இதே பொருள்தான். தண்ணீர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். எஃகை மிகக் குறைவாகவே எடுக்கும். மழுங்கல் என்று நாம் சொல்வதில் பாதி, கூரின் நுனி ஒரு பக்கமாக மடிந்துபோவதுதான். அதை நிமிர்த்த இது போதும். ரொம்பவே மழுங்கிய கத்திக்கு மட்டும் இது பத்தாது. கை வலிக்கும்வரை தேய்க்க வேண்டும். கீழே போட்டால் ஒடியும். தேய்த்துத் தேய்த்துக் கறுத்துவிட்டால், பாத்திரம் துலக்கும் பவுடர் போட்டுக் கழுவினால் வெள்ளையாகிவிடும்.

நான்காவது, வைரத் தகடு. ஏ.டி.எம் கார்டு அளவு. எஃகுத் தகட்டின் மேல் செயற்கை வைரத் துகள்களை நிக்கல் பூச்சால் பிடிக்கவைத்திருப்பார்கள். வைரத்தைவிடக் கடினமானது இல்லை என்பதால், இப்போது வரும் மிகக் கெட்டியான எஃகையும் தீட்டும். உடையாது, நடுவில் குழியாகாது. வாங்கும்போது துகளின் அளவைக் கவனியுங்கள். 300, 400 என்றால் கரடு. வாய் உடைந்த கத்திக்கு. 600 என்றால் துகள் சுமார் 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. வெளியில் எடுத்துப்போக இதுதான் நடுத்தரம். ஒன்றே ஒன்றுதான், அழுத்தவே கூடாது. கல்லில் அழுத்துவதுபோல் அழுத்தினால் வைரத் துகள் பெயர்ந்துவிடும், கத்தியும் வேகமாகக் கரையும்.

கடைசியில் 600 எண் வைரத் தகடு ஒன்றும், பீங்கான் குச்சி ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம். தினமும் ராத்திரி தங்குமிடத்தில் பீங்கானில் பக்கத்துக்கு ஐந்தாறு தடவை. அதற்கும் கூர் வரவில்லை என்றால் மட்டும் வைரம். மூன்று யாத்திரைகளில் வைரத் தகட்டை நான்கு முறைதான் எடுத்திருக்கிறேன்.

இது ஒன்றும் புதிய ஞானமில்லை. ராமநாதபுரம் பக்கம் பனையேறிகளைப் பார்த்திருப்பீர்கள். காலையும் மாலையும் மரமேறிப் பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும். அரிவாள் மொண்ணையாக இருந்தால் பாளை நசுங்கும், பதநீர் ஒழுங்காக இறங்காது. அதனால் அரிவாளோடு ஒரு மரக்கட்டையும், இடித்துச் சலித்த வெள்ளைக்கல் பொடியும் வைத்திருப்பார்கள். கட்டையில் பொடியைத் தூவி நாலு இழுப்பு. எஃகைவிடக் கடினமான எந்தப் பொருளும் எஃகைத் தீட்டும், வெள்ளைக்கல் அப்படிப்பட்டது. கையோடு கொண்டுபோகும் தீட்டும் கருவி அதைவிட எளிமையாக இருக்க முடியாது. எதுவுமே கையில் இல்லாத நேரத்தில், பீங்கான் டீக்கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதில் மெதுவாக இழுத்தாலும் கூர் திரும்பும்.

கருவி எதுவானாலும் கோணம்தான் பாதி வேலை. மடக்குக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி போதும். அளவு தெரிய ஒரு வழி: தாளின் மூலையை ஒருமுறை மடித்தால் 45 டிகிரி, இன்னொரு முறை மடித்தால் 22 சொச்சம். அதைவிடத் துளி தாழ்த்திப் பிடித்தால் சரி. கத்தி ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு தேய்த்துப் பாருங்கள். மை ஓரம்வரை அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்தால் கத்தி ரொம்பப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி, ஓரத்துக்கு வெளியே விரலைத் தள்ளிப் பார்த்தால் தட்டுப்படும். வாயோடு நீளவாக்கில் மட்டும் தடவாதீர்கள். பிசிர் வந்தால் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் ஓரிரு தடவை பூப்போலத் தொட்டு அந்தப் பிசிரை எடுத்துவிட வேண்டும். கூரை விரலில் சோதிக்காதீர்கள், செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள்.

இன்னும் சில விஷயங்கள். தகட்டை மடியில் வைத்துத் தீட்டாதீர்கள். ஈரத்துணி விரித்த கல்லின் மேல் வையுங்கள். தீட்டியபின் துடைக்காமல் பழம் நறுக்காதீர்கள், எஃகுப் பொடி ஒட்டியிருக்கும். கார்பன் எஃகானால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி மடக்குங்கள். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்க முடியாது, பெட்டியோடு அனுப்பிவிட வேண்டும். எங்கள் குழுவில் மலையேறும் முன் கத்திகள் எல்லாம் வேனிலேயே தங்கிவிடும்.

மாமா அடுத்த வருடமே திரும்ப வந்தார், காவடியோடு. கட்டை விரல் இன்னும் முழுதாக மடங்காது. ஒவ்வொரு ராத்திரியும் தன் கத்தியை என்னிடம் நீட்டி, ``இதுக்கும் ரெண்டு இழுப்பு போடும்மா'' என்பார்.

போன மாதம் மருந்து நோட்டை எடுத்து, கத்தியைப் பழைய பென்சில் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். கோடு இன்னும் கத்தியை ஒட்டியே நிற்கிறது. இந்த வருடம் என் மகளும் எங்களோடு நடக்கிறாள். வீட்டில் கிடக்கும் பழைய வெங்காயக் கத்தியில் தாளை மடித்து வைத்துக்கொண்டு கோணம் பழகுகிறாள். அது கைக்கு வந்ததும், தாத்தாவின் கத்தியும் பீங்கான் குச்சியும் அவள் பைக்குப் போகும்.