சேறு கேட்கும் கணக்கு

எங்கள் பட்டறைக்கு வின்ச் பொருத்த வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அண்ணே, எத்தனை பவுண்டு போடலாம்?" கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "பெருசாவே போட்டுடுங்க. அப்புறம் பயமில்ல."

ஜீப்புக்கு அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. நீரிலும் நிலத்திலும் ஓடும் எட்டுச் சக்கர வண்டிக்கு அது சரிப்படாது. அதற்கு வின்ச் சிறியதாக இருந்தாலும் சிக்கல், பெரியதாக இருந்தாலும் சிக்கல்.

அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 1967-இல் வெளிவந்த ஆர்கோ இந்த இனத்தில் பெயர் பெற்றது. உடல் ஒரு பிளாஸ்டிக் படகு. பக்கத்துக்கு நான்கு கொழுத்த டயர்கள். அவற்றில் காற்று மிகக் குறைவாகத்தான் அடைப்போம். திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்த வேண்டும். மறுபக்கம் சுற்றி வண்டி திரும்பும். தண்ணீரில் இறங்கினால் டயரின் பற்களே துடுப்பு. வேகம் மனிதன் நடக்கும் வேகம்தான்.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்படி ஒரு வண்டியை நான் பராமரிக்கிறேன். அங்கே பாதி நிலம் மலாய்க்காரர்கள் 'தானா கம்புட்' என்று சொல்லும் பீட் மண். மேலே காய்ந்தது போலத் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். டிராக்டர் போக முடியாத இடத்துக்கு இந்த வண்டி உரம் கொண்டு போகும். அதுவும் சில நாள் சிக்கிக்கொள்ளும். அப்போது கைகொடுப்பது வின்ச்தான்.

எடையில் இருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் எடையை நான் நம்புவதில்லை. செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் மேடையிலேயே வண்டியை ஏற்றிப் பார்த்தோம். வெறும் வண்டி 550 கிலோ. ஆள் இருவர் 160. உரம் நான்கு மூட்டை 200. எண்ணெய், கருவிகள் எல்லாம் 40. ஆக 950 கிலோ. படகு உடல் ஆயிற்றே, உள்ளே சேறும் தண்ணீரும் தேங்கும். அதற்கு ஒரு 100 சேர்த்தேன். மொத்தம் 1,050. அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. விடை 1,575 கிலோ. கடையில் 3,500 பவுண்டு என்று விற்கும் வின்ச் 1,588 கிலோ இழுக்கும். மயிரிழையில் தேறிவிட்டது.

ஆனால், பெட்டியில் எழுதியிருக்கும் எண் முழு உண்மை இல்லை. உருளையில் கயிறு கடைசி அடுக்கில், அதாவது இரும்பை ஒட்டி இருக்கும்போதுதான் அந்த இழுவை கிடைக்கும். மேலே ஒவ்வோர் அடுக்கு கூடும்போதும் பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறையும். நான்கு அடுக்கு சுற்றியிருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். அதனால்தான் பக்கத்தில் மரம் இருந்தாலும் தூரத்து மரத்தைத் தேடு என்கிறோம். கயிறு நிறைய வெளியே வந்தால் வின்ச் தன் முழுப் பலத்தைக் காட்டும். ஐந்து சுற்றாவது உருளையில் மிச்சம் இருக்கட்டும். நார்க்கயிறு என்றால் எட்டுப் பத்து.

அடுத்தது சேறு. சக்கர அளவுக்குப் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடை அளவு பலம் வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. உடலே மூழ்கினால் மூன்று மடங்கு. மீட்பு வேலை செய்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது இது. எங்கள் 1,050 கிலோ வண்டி மட்கார்டு வரை இறங்கினால் 2,100 கிலோ வேண்டும். 3,500 பவுண்டு வின்ச் தனியாக நின்றால் தோற்றுவிடும்.

இந்த இடத்தில்தான் தோட்டத்து உதவி மேனேஜர் தம்பி என்னை மடக்கினார். பழைய ஜீப் ஒன்றில் இருந்து கழற்றிய 9,500 பவுண்டு வின்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அங்கிள், சும்மா கிடக்குது. இதையே மாட்டிடுங்க. நாலு டன்னுக்கு மேல இழுக்கும். கணக்கே தேவையில்ல."

"தம்பி, இது இரும்புக் கயிறோட கிட்டத்தட்ட நாப்பது கிலோ. வண்டி தரையில மட்டும் ஓடுனா நான் வாயே திறக்க மாட்டேன்," என்றேன்.

அவர் நம்பவில்லை. மதகுப் பக்கத்துக் குளத்துக்கு வண்டியைக் கொண்டு போனோம். வின்ச் எடைக்கு மணல் மூட்டையை மூக்கில் கட்டி, இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து மெதுவாக இறக்கினோம். பின்பக்கம் உயர்ந்தது. மூக்கு தாழ்ந்து, சின்ன அலைக்கே தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. தம்பி ஒன்றும் பேசாமல் மூட்டையை அவிழ்த்தார்.

எடை மட்டும் காரணம் அல்ல. அந்தப் பெரிய வின்ச் முழுப் பளுவில் 400 ஆம்பியர் வரை மின்சாரம் குடிக்கும். சின்ன இன்ஜினும் சின்ன பேட்டரியும் அதற்கு ஈடுகொடுக்காது. நடுச்சேற்றில் இன்ஜினும் நின்றுவிடும். நாலு டன் இழுவையைத் தாங்க இந்த வண்டியின் சட்டமும் செய்யப்படவில்லை. வண்டி வராது, சட்டம்தான் கழன்று வரும்.

அப்படியானால் குறையும் பலத்துக்கு என்ன வழி? ஒரு கப்பி. கயிற்றை மரத்தில் கட்டிய கப்பி வழியாகத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேகம் பாதியாகும், சேற்றில் அதுவும் நல்லதுதான். 15 மீட்டர் கயிறு இரண்டாக மடிந்தால் ஏழு மீட்டர்தான் எட்டும் என்பதால் நீட்டுக் கயிறு ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். அந்த மரத்தின் மீது இரண்டு மடங்கு பளு விழும் என்பதையும் மறக்கக்கூடாது. பீட் மண்ணில் செம்பனைக்குப் பிடிமானம் குறைவு, தானாகவே சாய்ந்து நிற்கும். ஒற்றை மரத்தை நம்பாமல் இரண்டு மரங்களின் அடியில் அகலப் பட்டையால் சேர்த்துக் கட்டுவோம்.

இரும்புக் கயிறா, நார்க்கயிறா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. என் தாய்மாமா பேராக் காடுகளில் 'சன் தாய் வோங்' என்கிற வெட்டுமர லோரியில் வேலை செய்தவர். ஒருநாள் இரும்புக் கயிறு அறுந்து கெலிண்டான் பையனின் காலில் அடித்தது. "சாட்டை மாதிரி இல்லடா, கத்தி மாதிரி வந்துச்சு," என்பார். அந்தப் பையன் அதற்குப் பிறகு நேராக நடக்கவே இல்லை. நார்க்கயிறு அறுந்தால் அவ்வளவு வேகமாகப் பாயாது. எடையும் குறைவு. முக்கியமாக அது தண்ணீரில் மிதக்கும். இரும்பைப் போல அடியில் போய் வேரில் சிக்காது. வெயிலும் மணலும்தான் அதற்குப் பகை. கழுவி, நிழலில் வைத்தால் போதும். எந்தக் கயிறானாலும் இழுக்கும்போது நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். கயிற்றின் நேருக்கு யாரும் நிற்கக்கூடாது.

கடைசியில் 3,500 பவுண்டு வின்ச், நார்க்கயிறு, கப்பி, பட்டை எல்லாம் வாங்கினோம். ஆறு சக்கரச் சின்ன வண்டியாக இருந்தால் 2,500 போதும் என்றிருப்பேன். ரப்பர் பட்டை பூட்டி அதிகச் சுமை ஏற்றுகிறவர்களுக்கு 4,500 சொல்வேன். அதற்கு மேல் கேட்டால் குளத்துக்கு அழைத்துப் போவேன்.

மறு ஆண்டிறுதி மழையில் தோட்டத்துச் சாலை இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. லயத்தில் ஒரு பாட்டிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது. முகம் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர், கிளினிக் டிரெசர், பாட்டி மூவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி வாய்க்காலைக் கடந்தது. நானும் உதவி மேனேஜரும் அக்கரை வரப்பில் காத்திருந்தோம்.

நீந்தி வந்ததில் பிரச்சினை இல்லை. கரை ஏறும்போதுதான் வம்பு. முன்சக்கரங்கள் வழுக்கும் மண்ணில், பின்சக்கரங்கள் தண்ணீரில். எட்டும் சும்மா சுற்றின. ஓட்டுநர் கயிற்றை விட்டார். மிதந்து வந்த கொக்கியைத் தம்பிதான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தார். இரண்டு மரம், பட்டை, கப்பி. கொக்கி திரும்பி வண்டிக்குப் போனது. எல்லோரும் விலகினோம். வின்ச் முனகியது. வண்டி அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

பாட்டியை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிய பிறகு, தம்பி கயிற்றைச் சேறு போகக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை, அவராகவேதான் கழுவினார்.