கழற்றும் முன் பார்ப்பவர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்த சைக்கிள் கடையில் காலை வேளையில் பஞ்சர் வேலைதான் அதிகம். பத்து மணிக்கு மேல் கியர் சைக்கிள்கள் வரத் தொடங்கும். கடையை நடத்துபவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அக்கா மகன் கூடவே நின்று வேலை பார்க்கிறார். குறைந்த விலை கியர் சைக்கிள்களில் அடிக்கடி பழுதாகும் ஓர் உறுப்பை இவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன். பின்சக்கரத்தின் வலப்பக்கம் தொங்கியபடி செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிறதே, அந்த டீரெய்லர்.

அம்பத்தூருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது இங்கேதான். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்கள் இந்த ஊரிலிருந்து நாடெங்கும் போயின. கடைக்காரர் தொழில் கற்றதும் அந்த சைக்கிள்களில்தான். ஓவராய்லிங் செய்வது, கோன் இறுக்குவது, குண்டு மாற்றுவது, வீல் கோட்டம் எடுப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. அவற்றில் கியர் கிடையாது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியும் அப்படித்தான். பிறகு 18 கியர், 21 கியர் என்று எழுதிய சைக்கிள்கள் மலிவாக வந்தன. மாமா சக்கரத்தை அறிந்தவர், மருமகன் கியரை அறிந்தவர் என்று கடையில் வேலை இரண்டாகப் பிரிந்தது.

நான் இருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் சைக்கிளைத் தூக்கியபடியே வந்தார். டீரெய்லரின் கூண்டு ஸ்போக்ஸுக்குள் சிக்கி முறுக்கிக்கொண்டிருந்தது.

“அண்ணா, கியர் உடைஞ்சிடுச்சு. புதுசு ஒண்ணு மாட்டிக் குடுங்க.”

மருமகன் ஸ்பேனரைத் தொடவில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து, செயினும் சக்கரமும் ஒரே கோட்டில் தெரியும்படி பார்த்தார்.

“சைக்கிள் எப்ப கீழ விழுந்துச்சு தம்பி?”

“நான் விழலண்ணா. போன வாரம் காலேஜ் ஸ்டாண்டுல வரிசையா சாஞ்சு கெடந்துச்சு.”

“அதான். அன்னிக்கே ஹேங்கர் உள்ள வளைஞ்சிருக்கு. மேம்பாலம் ஏறும்போது பெரிய பல்லுக்குப் போட்டிருப்ப. கூண்டு போய் ஸ்போக்ஸுல மாட்டிக்கிச்சு.”

மாணவர் தலையசைத்தார். டீரெய்லர் தொங்குவது ஃபிரேமின் ஒரு சிறு காதில், அதுதான் ஹேங்கர். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதல் அடி அதற்குத்தான். சில மில்லிமீட்டர் உள்ளே வளைந்தாலும் கியர் எண்ணும் பல்லும் பொருந்தாமல் போகும். மிகப் பெரிய பல்லுக்குப் போடும்போது கூண்டு ஸ்போக்ஸைத் தொடும். இதைத் தடுக்கவே குறைந்த விலை சைக்கிள்களில் பின்சக்கரத்தின் பல் அடுக்கான ஃப்ரீவீலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்துத் தருகிறார்கள். அழகில்லை என்று பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இந்த சைக்கிளிலும் அது இல்லை.

அடுத்து, எந்த டீரெய்லர் வாங்குவது என்ற கேள்வி. விலை உயர்ந்த சைக்கிளில் உறுப்பின் பெயர் பளிச்சென்று இருக்கும். இங்கே முன்பக்க ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தது. மருமகன் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து டீரெய்லரின் உட்பக்கத்தைத் துடைத்தார். ஷிமானோ நிறுவனம் தன் உறுப்புகளில் மாடல் எண்ணை அங்கேதான் பொறிக்கும். ‘ஆர்டி’ என்று தொடங்கினால் பின் டீரெய்லர். இதில் எண் எதுவும் இல்லை. பெயரில்லாத உறுப்பு என்றால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஃப்ரீவீலில் எத்தனை அடுக்கு என்று எண்ணினார்: ஏழு. ஹேண்டிலில் கியர் மாற்றும் வலப்பக்க ஷிப்டரும் ஏழு வரை காட்டியது. பிறகு மிகப் பெரிய பல்சக்கரத்தில் சாக்பீஸால் குறியிட்டுப் பற்களை எண்ணினார்: 28. சிறியதில் 14. முன்னால் 42, 34, 24. தரையில் அதே சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்பக்க வித்தியாசம் 18, பின்பக்க வித்தியாசம் 14, கூட்டினால் 32. செயின் எந்தப் பல்லில் இருந்தாலும் இந்த 32 பல் அளவுத் தொய்வை டீரெய்லரின் கூண்டு இழுத்துப் பிடித்தாக வேண்டும். குட்டைக் கூண்டால் அது முடியாது. ஷிமானோவின் மலிவான டூர்னி வரிசையில் டிஒய்300 என்ற நீளக் கூண்டு மாடல் 43 வரை தாங்கும். பின்னால் 34 பல் வரை ஏறும். இந்த சைக்கிளுக்கு அது தாராளம்.

பின்பு மாட்டும் முறையைப் பார்த்தார். சில சைக்கிள்களில் டீரெய்லர் ஒரு தகட்டோடு வந்து, பின் அச்சு நட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் ஹேங்கரின் மரையில் நேரடியாக ஏறும். இரண்டு வகையும் கடையில் கிடைக்கும், படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இது நேரடி வகை.

கடைசிக் கேள்வி ஷிப்டர் பற்றியது. ஷிமானோ முறையில் கேபிள் ஒரு பங்கு இழுபட்டால் டீரெய்லர் ஏறத்தாழ 1.7 பங்கு நகரும். ஏழு அடுக்கு ஃப்ரீவீலில் பல்லுக்குப் பல் இடைவெளி 5 மி.மீ. ஆகவே ஒரு ‘கிளிக்’குக்கு ஷிப்டர் ஏறக்குறைய 3 மி.மீ. கேபிளை இழுக்க வேண்டும். டூர்னி போன்ற சாதாரண ஷிமானோ டீரெய்லர்கள் 6, 7, 8 அடுக்கு எதுவானாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. எஸ்ஆர்ஏஎம் நிறுவனத்தின் 1:1 முறை வேறு. அந்த ஷிப்டருக்கு இதை மாட்டினால் எந்தத் திருகைத் திருகினாலும் கியர் நிற்காது. மாணவரின் ஷிப்டர் ஷிமானோ முறைக்குப் பொருந்துவது.

இந்த டீரெய்லருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சாய்ந்த இணைகர அமைப்பை ஜப்பானின் சன்டூர் 1964இல் கொண்டுவந்தது. டீரெய்லரின் குட்டிச் சக்கரம் எந்தப் பல்லுக்கும் ஒரே நெருக்கத்தில் நிற்க அதுவே காரணம். அதன் காப்புரிமை முடிந்த 1984இல்தான் ஷிமானோ, ஒரு ‘கிளிக்’குக்கு ஒரு கியர் என்ற முறையைத் தன் உயர்ந்த டியூரா-ஏஸ் வரிசையில் வெளியிட்டது. இன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டீரெய்லரிலும் இரண்டும் இருக்கின்றன. குறைந்த விலை என்பதற்காக அதைக் குறைந்த அறிவோடு கையாள முடியாது.

புதிய டீரெய்லர் வந்ததும் நேராக மாட்டிவிடவில்லை. முதலில் ஹேங்கரை நிமிர்த்த வேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. இந்தக் கடை அதை வாங்கவில்லை. மூலையிலிருந்த ஒரு பின்சக்கரத்தை மாமா எடுத்து வந்தார், க்விக் ரிலீஸ் வகை. அதன் அச்சில் இருப்பதும் ஹேங்கர் துளையில் இருப்பதும் ஒரே மரை: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடை. அச்சை ஹேங்கரில் திருகியதும் இரண்டு சக்கரங்கள் அருகருகே நின்றன. மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நான்கு இடத்திலும் இடைவெளியை அளந்தார். கீழே குறைவு, மேலே அதிகம். சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெல்ல அழுத்தினார். இரும்பு ஃபிரேம் என்பதால் ஹேங்கர் இணங்கியது. “அலுமினியமா இருந்தா ரொம்ப யோசிப்பேன் சார். ரெண்டாவது தடவ வளைச்சா விரிசல் விட்டுடும். புது ஹேங்கர் போடறதுதான் நல்லது” என்றார். நான்கு இடத்திலும் இடைவெளி சமமான பிறகே சக்கரத்தைக் கழற்றினார்.

சிக்கிய கூண்டு இரண்டு ஸ்போக்ஸை வளைத்திருந்தது. அவற்றை மாற்றிக் கோட்டம் எடுத்தார். அதற்குள் மருமகன் துருப்பிடித்த கேபிளை உருவி எறிந்தார். கியர் கேபிள் 1.2 மி.மீ. தடிமன், பிரேக் கேபிளைவிட மெல்லியது. வெளியுறையும் வேறு. பிரேக் உறையில் கம்பி சுருளாக இருக்கும், கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் உறையைப் போட்டால் அழுத்தத்தில் அது சுருங்கும், கியர் தடுமாறும். டீரெய்லரே கெட்டுவிட்டது என்று கொண்டுவரும் பல சைக்கிள்களில் உண்மையான கோளாறு இந்தக் கேபிள்தான் என்றார் அவர்.

5 மி.மீ. ஆலன் கீயால் டீரெய்லரை ஏற்றினார். கேபிளை மாட்டும் முன்பே ‘எச்’ திருகை வைத்தார்: மேல் குட்டிச் சக்கரம் மிகச் சிறிய பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். பிறகு டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி, மிகப் பெரிய பல்லைத் தாண்டாதபடி ‘எல்’ திருகு. ஸ்போக்ஸைக் காப்பது இந்தத் திருகுதான். அதன் பிறகே கேபிள். பெடலைச் சுற்றியபடி ஒவ்வொரு கியராகப் போட்டார். செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கியபோது சரிசெய்யும் குமிழை இடஞ்சுழியாகக் கொஞ்சம், இறங்கத் தயங்கியபோது வலஞ்சுழியாகக் கொஞ்சம். கடைசியாகப் பின்னாலுள்ள ‘பி’ திருகு. பெரிய பல்லுக்கும் குட்டிச் சக்கரத்துக்கும் நடுவே 5, 6 மி.மீ. விட்டு நிறுத்தினார். ஏழு கியரும் சத்தமில்லாமல் ஏறி இறங்கின.

இந்த வேலையில் ஸ்பேனர் பிடித்த நேரத்தைவிடப் பார்த்த நேரமே அதிகம். ஆனால் கூலி கேட்கும்போது வாடிக்கையாளர் எண்ணுவது ஸ்பேனர் பிடித்த நேரத்தை மட்டும். “பார்ட் விலை போன்லயே பாக்குறாங்க சார். மாட்டறதுக்கு எவ்ளோன்னு கேட்டா, ரெண்டு ஸ்க்ரூதானேங்கறாங்க” என்றார் மருமகன். படத்தைப் பார்த்து வாங்கி வந்து பொருந்தாமல் போனவை அவர் மேசைக்கடியில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. 34 பல் ஃப்ரீவீலுக்கு வாங்கிய குட்டைக் கூண்டும் அதில் ஒன்று. அந்தப் பணம் வீண். எண்ணிப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேட்டிருந்தால் அது மிஞ்சியிருக்கும்.

குறைந்த விலை சைக்கிளைத் தயாரிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. எந்த டீரெய்லர், எந்த ஹேங்கர் என்பதைக் கையேட்டில் மாடல் எண்ணோடு அச்சிடுங்கள். அலுமினிய ஃபிரேம் என்றால் மாற்று ஹேங்கர் ஒன்றை சைக்கிளோடு கொடுங்கள். சிறிய செலவு, ஒரு சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போவதை அது தடுக்கும்.

ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். சைக்கிள் வலப்பக்கம் விழுந்திருந்தால், அடுத்த முறை ஏறும் முன் பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லர் கூண்டு சக்கரத்துக்கு இணையாக, நேராகத் தொங்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் பெரிய பல்லுக்குப் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே “புதுசு மாட்டிக் குடுங்க” என்று தொடங்காதீர்கள். “என்னன்னு பாருங்க” என்று கேளுங்கள். பார்த்துச் சொன்னதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.