டிரயல் பேலன்ஸும் ஒன்பது கேள்விகளும்

பி.காம். முதல் வருடம் தாண்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டிரயல் பேலன்ஸ் பைசா பிசகாமல் டாலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு வவுச்சரை அடியோடு எழுதாமல் விட்டிருந்தாலும் டாலி ஆகும். ராமசாமி கணக்கில் போடவேண்டியதை முனுசாமி கணக்கில் போட்டிருந்தாலும் ஆகும். பேங்கில் ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது :-)

மனநலக் கேள்வித்தாளிலும் இதே கதைதான் என்று காட்டியவள் என் சித்தி பெண். டெக்ஸாஸில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். எனக்கு போபாலில் ஞாயிறு காலைக் காபி நேரம், அவளுக்கு சனி ராத்திரி. அப்போதுதான் பேசுவோம்.

"அண்ணா, எங்க பேஷண்டெல்லாம் முக்கால்வாசி ஸ்பானிஷ்காரங்க. சுகர், பிரஷருக்குத்தான் வருவாங்க. வந்ததும் ஒம்பது கேள்வி பேப்பரைக் குடுக்கணும். ஒரு பாட்டி ஒம்பதுக்கும் சைபர் போட்டுட்டு, பி.பி. பாக்கறப்போ என் கையைப் புடிச்சுண்டு அழறா. பேப்பர்ல அவளுக்கு ஒண்ணும் இல்லை. இதை நம்பலாமா?"

அந்தப் பேப்பரின் பெயர் பி.எச்.க்யூ-9. க்ரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்ற மூவர் 2001-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். போன இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் டாக்டர் கவனிக்க வேண்டும்.

நம்பகத்தன்மை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. கிளினிக்கில் எழுதியதையும் 48 மணி நேரத்துக்குள் போனில் கேட்டதையும் ஒப்பிட்டபோது 0.84 அளவுக்கு ஒத்துப்போனது. 2006-ல் 5000 நோயாளிகளுக்கு மேல் எடுத்து, வெள்ளையர், கறுப்பர், சீனர், லத்தீன் அமெரிக்கர் என்று பிரித்துப் பார்த்தார்கள். நான்கு பிரிவிலும் கேள்விகள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒட்டி நின்றன. இதை அளக்க க்ரோன்பாக் ஆல்ஃபா என்று ஒரு எண், 0.7 தாண்டினால் பாஸ். பாஸ்தான்.

அதாவது, டாலி ஆகிவிட்டது. ஆனால் எழுதாமல் விட்ட வவுச்சர்?

பாட்டி அழுதபடி சொன்ன வார்த்தை 'நெர்வியோஸ்'. நேராகச் சொன்னால் நரம்புகள். நம் ஊரில் 'நரம்புத் தளர்ச்சி' என்பார்களே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. பயம், துக்கம், நெஞ்சடைப்பு, குடும்பக் கவலை எல்லாம் அதில் அடக்கம். இதன் உறவான 'அதாக்கே தெ நெர்வியோஸ்' 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலேயே இருக்கிறது. ஒன்பது கேள்வியில் அந்த வார்த்தை இல்லை. கேட்காத கேள்விக்கு பதில் எப்படி வரும்? ஆல்ஃபா கேட்ட ஒன்பதுக்குள் பொருத்தம் பார்க்கும், அவ்வளவுதான். விட்டுப்போன பத்தாவது அதற்குத் தெரியாது.

1977-ல் வந்த சி.இ.எஸ்-டி என்ற இருபது கேள்வித்தாளில் 'ப்ளூஸ்' என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் நீலம் சோகம், ஸ்பானிஷில் நீலம் வெறும் நீலம். மொழிபெயர்ப்பாளர் இங்கே அகராதியை மூடிவிட்டு மனுஷனைப் பார்க்க வேண்டும்.

கட்டங்களிலும் வில்லங்கம் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆட்களை வைத்து ஹுய், ட்ரியாண்டிஸ் இருவரும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து கட்டம் கொடுத்தால் ஹிஸ்பானிக்குகள் மற்றவர்களைவிட அதிகமாக இரண்டு ஓரங்களையும் தொட்டார்கள். பத்துக் கட்டம் கொடுத்ததும் அந்த வித்தியாசம் போய்விட்டது. ஆட்கள் அதேதான், தாள்தான் மாறியது!

ஹிஸ்பானிக் என்பதும் ஒரே கூட்டமில்லை. 2020 சென்ஸஸ்படி அமெரிக்காவில் ஆறு கோடிக்கு மேல். மெக்ஸிகோ, போர்ட்டோ ரிக்கோ, க்யூபா என்று வழக்கு மாறும். போபாலில் என்னைப் பார்த்து "சவுத் இண்டியனா, கன்னடம் பேசுங்களேன்" என்பவர்களுக்கு இது புரியாது.

பேப்பரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. காசில்லாமல் கிடைக்கிறது, மூன்று நிமிஷ வேலை. அது இல்லாவிட்டால் கேட்கவே மாட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டு, கூடவே நெர்வியோஸ் பற்றிக் கேள் என்றுதான் அவளிடம் சொன்னேன். இப்போது வாசித்துத்தான் காட்டுகிறாளாம்.

அதில் ஒரு சிக்கல். ஸ்பானிஷ் தெரிந்த ஊழியர் இல்லாத நாளில் கூட வந்த பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. பன்னிரண்டு வயதுப் பையன் அதைத் தன் அம்மாவிடம் கேட்டால் எந்த அம்மா ஆமாம் என்பாள்? எட்டாவது முடிந்ததும் சித்தி பெண் பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போனில் ஆள் பிடித்து அந்த ஒன்றை மட்டும் தனியாகக் கேட்கிறாள்.